தலைக்கு மேல் கடல்: என் படம் புத்தகத்தில் வந்த கதை

"அன்னைக்கு ராத்திரி கடல் தலைக்கு மேல வந்து நின்னுச்சுப்பா" என்று அம்மாச்சி சொல்வார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது அவருக்கு 12 வயது, பாம்பனில் இருந்தார். அந்தச் சொல்லை அப்படியே படமாக்கிப் பார்க்க எனக்குப் பல வருட ஆசை.

போன வருடம் செய்து முடித்தேன். தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் பழைய சர்ச்சின் உட்புறம். வானம் இருக்க வேண்டிய இடத்தில் கடல். அந்தக் கடலில் தலைகீழாக மிதக்கும் ஒரு வள்ளம். மூன்று புகைப்படங்கள், ஃபோட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்பது லேயர்கள். சில நண்பர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஒளிப்படத் தொகுப்புக்கு அனுப்பினேன். இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போடுவதாகச் சொன்னார்கள். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் வேலை ஆரம்பித்தது. பக்கம் 8க்கு 10 அங்குலம், விரித்தால் 16க்கு 10. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போட்டால் 4800க்கு 3000 பிக்சல் வேண்டும். என் ஃபைல் 3000 பிக்சல் அகலம்தான். சர்ச்சும் கடலும் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தவை என்பதால் பிரச்சினை இல்லை. வள்ளம் மட்டும் ஃபோனில் தூரத்திலிருந்து எடுத்தது. வெட்டியெடுத்தால் 900 பிக்சல்கூட இல்லை. இழுத்துப் பெரிதாக்கினால் பலகையும் கயிறும் மெழுகு போல ஆகிவிடுகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாம்பன் கரைக்குப் போய் வேறொரு வள்ளத்தை எடுத்து வந்தேன்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த வள்ளம்தான். சர்ச் சுவரில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது. வள்ளத்தையும் இடப்பக்க வெயிலில்தான் எடுத்தேன். ஆனால் தலைகீழாக்க 180 டிகிரி சுழற்றியதும் வெயில் வலப்பக்கம் போய்விட்டது. என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும், பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ பொய் என்று பட்டுவிடும். சரி, சுழற்றாமல் மேல்கீழாகக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பினேன். வெயில் சரியான பக்கத்துக்கு வந்தது, ஆனால் வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த 'அந்தோணியார் துணை' இடவலமாக மாறிப்போனது. அந்த எழுத்துகளை மட்டும் மூலப் படத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, 180 டிகிரி சுழற்றி, பலகையின் வளைவுக்கு ஏற்ப வளைத்து ஒட்டினேன். இதற்கே மூன்று இரவுகள் ஆயின. நடக்கவே முடியாத காட்சி என்றால் அதில் வெயிலும் நிழலும் எழுத்தும் நிஜத்தைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வள்ளம் முதலில் படத்தின் நடுவில் இருந்தது. பசை பைண்டிங் போட்ட புத்தகத்தில் நடு மடிப்பு அதை விழுங்கிவிடும். வலப்பக்கத்துக்கு நகர்த்திவிட்டு, மடிப்பில் வெறும் சுவர் வரும்படி செய்தேன்.

மாதிரி அச்சு வந்தபோது மனசு உடைந்துவிட்டது. திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. திரை வெளிச்சத்தால் காட்டும் அந்த நீலத்தை அச்சின் நான்கு மைகளால் (சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற அடர் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கொண்டுவர முடியாது. அழுத்தமான நீலத்தில் சயானோடு மெஜந்தாவும் ஏறிவிட்டால் ஊதாவாகிவிடும். என் கடலில் மெஜந்தா 85 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 60க்கு இறக்கினேன். ஒளிர்வு போய், புயலுக்கு முந்தைய சாம்பல் கலந்த நீலம் வந்தது. இப்போது எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தேர்வுக்குழுவில் ஒருவர் "இது ஏஐ வரைந்ததா?" என்று கேட்டார். மூன்று மூலப் படங்களையும் லேயர் ஃபைலையும் அனுப்பினேன். 1857இலேயே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற ஒளிப்படக் கலைஞர் 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்திருக்கிறார். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜெர்ரி யூல்ஸ்மன் இருட்டறையில், நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிப் பதிக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு மரத்தை ஆகாயத்தில் மிதக்கவிட்டார். அந்த வழியில்தான் நானும் வருகிறேன் என்று எழுதியபோது பெருமையாக இருந்தது.

போன வாரம் புத்தகம் கைக்கு வந்தது. அம்மாச்சியின் மடியில் விரித்து வைத்தேன். சர்ச் சுவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புத்தகத்தைத் தூக்கி மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, வள்ளத்தின் மேல் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அந்தோணியார் துணை... யாரு வள்ளம்பா இது, நம்ம பாம்பனா?"