செரங்கெட்டி கேமராக்களில் வில்டபீஸ்ட் எந்த மாதம் வருகிறது?

காட்டில் வைத்த கேமராக்கள் எடுக்கும் படங்களில் என்ன விலங்கு என்று பொதுமக்களே இணையத்தில் பார்த்துச் சொல்லும் திட்டம் ‘ஸ்னாப்ஷாட் செரங்கெட்டி’. அதில் படம் பார்த்து விலங்கின் பெயரைக் குறித்துக்கொடுப்பது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் பொழுதுபோக்கு. அது இப்போது கொஞ்சம் முற்றிவிட்டது. வில்டபீஸ்ட் என்பது ஆப்பிரிக்கப் புல்வெளியில் மந்தை மந்தையாக இடம்பெயரும் மாடு போன்ற பெரிய மான். அந்த மந்தை எந்த மாதம் வருகிறது, எப்போது காணாமல் போகிறது என்று யாரோ போட்ட வரைபடத்தில் பார்ப்பதைவிட, அந்தப் படங்களிலிருந்து நானே எடுத்துப் பார்த்தால் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன்.

கேமராக்கள் இருப்பது தான்சானியாவில், செரங்கெட்டி பூங்காவின் நடுப்பகுதியில். சுமார் 1,125 சதுர கிலோமீட்டரில் 225 தானியங்கி கேமராக்கள். 2010இல் தொடங்கிய வேலை இது; வைத்தவர்கள் சிங்க ஆராய்ச்சிக்காரர்கள். சூடான உடம்பு எதிரே அசைந்தால் கேமரா தானாகப் படம் எடுக்கும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் எடுக்கும் என்பதுதான் தொல்லை. பொதுவில் வெளியிட்டிருக்கும் தொகுப்பில் சுமார் 71 லட்சம் படங்கள், அதில் முக்கால்வாசி வெறும் புல். ஆற்றில் கூட்டம் குதிப்பதையும் முதலை பாய்வதையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு சரிப்படாது.

பகலில் வில்டபீஸ்டைக் கண்டுபிடிப்பது சுலபம். தாடி, கழுத்தில் இறங்கும் கருங்கோடுகள், முன்னால் உயர்ந்து பின்னால் சரியும் முதுகு. இரவில் அப்படியில்லை. ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒரு காதும் பாதிக் கழுத்தும் மட்டும் விழுந்திருக்கும், எருமையாகவும் இருக்கலாம். அதனால் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல் ஒரே படத்தைப் பலரிடம் காட்டி, பெரும்பாலோர் சொன்ன பதிலை எடுத்துக்கொள்கிறார்கள். நிபுணர்கள் தனியாகப் பார்த்து வைத்த 4,149 படங்களோடு ஒப்பிட்டபோது, விலங்கின் பெயர் 96 சதவீதத்துக்கு மேல் சரியாக இருந்தது. கணக்குப் போட இது போதும்.

தரவு அட்டவணையை இறக்கிக்கொண்டேன். எக்செல் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். இதில் அதைவிட அதிகம். அதனால் பைத்தான் கணினி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதி, வில்டபீஸ்ட் வரிகளை மட்டும் பிரித்தேன். அடுத்து மாதவாரியாக எத்தனை படம் என்று எண்ணினேன். கிடைத்த வரைபடம் கன்னாபின்னாவென்று இருந்தது. காரணம் படங்களைத் திறந்ததும் தெரிந்தது. பல கேமராக்கள் மரத்தில் கட்டியவை. மத்தியானம் மரநிழலில் படுத்து அசைபோடும் நாலைந்து விலங்குகள், அந்த ஒரு கேமராவிலேயே நூற்றுக்கணக்கான படங்களைக் கொடுத்துவிடும். வால் ஆட்டினால் ஒரு படம், எழுந்து நின்றால் இன்னொன்று. புலம்பெயர்வு என்றாலே ஓட்டம் என்று நினைக்கிறோம். இந்தப் படங்களில் பெரும்பாலும் மேய்ச்சலும் அசைபோடலும்தான்.

ஆகவே படங்களை விட்டுவிட்டு கேமரா நாட்களை எண்ணினேன். ஒரு கேமராவில் ஒரு நாளில் வில்டபீஸ்ட் ஒரு தடவையாவது தெரிந்ததா, இல்லையா, அவ்வளவுதான். அதையும் அந்த மாதம் வேலை செய்த கேமராக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டியிருந்தது. யானை பிடுங்கிப் போடுகிறது, கழுதைப்புலி கடிக்கிறது; எல்லா கேமராவும் எல்லா மாதமும் உயிரோடு இருப்பதில்லை.

அப்புறம்தான் வரைபடத்துக்கு ஒரு உருவம் வந்தது. மழை தொடங்கும் நவம்பர், டிசம்பரில் ஒரு ஏற்றம். மே, ஜூன் வாக்கில் இன்னொன்று. ஜூலை முதல் அக்டோபர் வரை கோடு தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போது மந்தை வடக்கே மாரா ஆற்றுப் பக்கம், ஒரு பகுதி எல்லை தாண்டிக் கென்யாவிலும் இருக்கும். தென்கிழக்குச் சமவெளியில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. வடக்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வறண்ட மாதங்களில் புல்லும் தண்ணீரும் அங்கேதான். அப்படியானால் வருடம் முழுக்க வடக்கிலேயே இருந்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. பதில் மண்ணில் இருக்கிறது. தெற்குச் சமவெளி எரிமலைச் சாம்பல் படிந்த நிலம். அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை கன்று ஈனும் காலம். பெரும்பாலான கன்றுகள் அதற்குள்ளேயே சில வாரங்களில் பிறந்துவிடும்.

அட்டவணையில் ‘குட்டி உண்டா’ என்று ஒரு நெடுவரிசை உண்டு. பிப்ரவரியில் அது எகிறும் என்று பார்த்தால் இல்லை. ஈனும் இடம் கேமராக்களுக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. நம் படங்களுக்குள் வரும்போது கன்றின் இளம்பழுப்பு நிறம் கருக்கத் தொடங்கியிருக்கிறது, தாயின் வயிற்றோரம் ஒட்டிக்கொண்டு நடக்கிறது.

அடுத்தது, இந்த மந்தைக்கு முன்னால் போகும் வரிக்குதிரை. முதலில் வரிக்குதிரை உயரமான தண்டுப் புல்லை மேய்ந்து வில்டபீஸ்டுக்கு வழிவிடுகிறது என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். இதே கேமராக்களின் படங்களையும் சேர்த்து ஆராய்ந்து 2024இல் வந்த ஆய்வு, பின்னால் வரும் பெருங்கூட்டத்தோடு புல்லுக்குப் போட்டி போட முடியாமல்தான் வரிக்குதிரை முந்திக்கொள்கிறது என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் வாய்கள் பின்னால் வந்தால் யார்தான் காத்திருப்பார்கள்? இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். மாதக் கணக்கில் வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. வாரக் கணக்கில் பிரிக்க நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.