260 வினாடிகள்: மருத்துவமனைத் தொலைக்காட்சிகளுக்கு ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் அமைத்த அனுபவம்

இரண்டு செட்டாப் பெட்டிகளைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் போய், ஒரு பகல் முழுவதும் ஐபிடிவி (நெட்வொர்க் வழியே வரும் தொலைக்காட்சி) கருவிகளை விற்ற நிறுவனத்தின் சோதனை மேசைக்கு அருகில் உட்கார்ந்திருந்துவிட்டு, "பெட்டியில் ஒரு குறையும் இல்லை, உங்கள் நெட்வொர்க்கைப் பாருங்கள்" என்ற ஒரே பதிலுடன் மறுநாள் காலை திரும்பி வந்தேன். அந்தப் பயணம் தேவையே இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. சுவிட்சில் மல்டிகாஸ்ட் (ஒரே ஓடையைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் அனுப்பும் முறை) அமைக்கப்போகும் வேறு யாரும் அதே பேருந்தில் ஏற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையில் ஆறு தளங்கள், 140 தொலைக்காட்சிகள். சேவையறையில் உள்ள ஹெட்எண்ட் என்ற மையக் கருவி 60 சேனல்களை மல்டிகாஸ்ட்டாக அனுப்புகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 4 மெகாபிட்). எந்தச் சேனல் வேண்டும் என்று பெட்டிகள் சொல்லும் நெறிமுறை ஐஜிஎம்பி; அதை ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் சேனலை அனுப்புவது ஸ்னூப்பிங். அது இல்லாத சுவிட்ச், மல்டிகாஸ்ட்டை பிராட்காஸ்ட் போலவே எல்லாப் போர்ட்டுகளுக்கும் கொட்டும் என்பதால், 240 எம்பிபிஎஸ் வெள்ளம் 100 எம்பிபிஎஸ் போர்ட் கொண்ட செட்டாப் பெட்டிகளின் மேல் பாய்ந்து, படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. மூன்றாம் தளத்தில் பழைய கம்பியமைப்பின் காரணமாக நர்ஸ் நிலையக் கணினிகளும் தொலைக்காட்சிகளும் ஒரே விலானில் (சுவிட்சுக்குள் பிரித்து அமைக்கும் தனி நெட்வொர்க்) இருந்தன. அங்கே ஆய்வக முடிவுகளைத் திறக்கக்கூட முடியவில்லை. படம் சிதறியதைவிட இதுதான் என்னைப் பதறவைத்தது.

அன்று மாலையே அந்த விலானில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை இயக்கினேன்; யாரும் கேட்காத மல்டிகாஸ்ட்டை எந்தப் போர்ட்டுக்கும் அனுப்பாமல் வெட்டிவிடும்படியும், ஒவ்வொரு தளத்துச் சுவிட்சின் அப்லிங்கையும் (மையச் சுவிட்சுக்குப் போகும் இணைப்பு) ரூட்டர் போர்ட்டாக, அதாவது பெட்டிகளின் கோரிக்கைகளை அனுப்ப வேண்டிய போர்ட்டாக, கையால் குறிக்கும்படியும் செய்தேன். வெள்ளம் வடிந்தது, கணினிகள் மீண்டன, படம் தெளிவாக வந்தது. ஒவ்வோர் அறையாகப் போய் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டேன். அந்த இரண்டு நிமிடச் சோதனைதான் நான் செய்த மிகப் பெரிய பிழை.

மறுநாள் காலை முதல் தொலைபேசி ஓயவில்லை. "சார், சேனலை மாத்தினா படம் வருது, கொஞ்ச நேரத்துல அப்படியே நின்னுடுது" என்று எல்லாத் தளங்களிலிருந்தும் ஒரே புகார். விற்பனை நிறுவனத்தின் உதவிப் பிரிவு முதலில் கம்பியை மாற்றச் சொன்னது, பிறகு பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னது, கடைசியில் பெட்டிகளை நேரில் கொண்டுவரச் சொன்னது. அவர்களுடைய மேசையில் என் இரண்டு பெட்டிகளும் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் ஓடின. அங்கே இருந்தது ஸ்னூப்பிங் என்ற வசதியே இல்லாத எட்டுப் போர்ட் சிறு சுவிட்ச். அது எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொட்டுவதால் அங்கே இந்தக் கோளாறு தோன்றவே வழியில்லை. அதை அந்த மேசையருகே உட்கார்ந்திருந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

திரும்பி வந்தபின் கடிகாரத்தை வைத்து அளந்தேன். சேனலை மாற்றிய கணத்திலிருந்து 4 நிமிடம் 20 வினாடியில் படம் உறைந்தது. அடுத்த அறையிலும் அப்படியே. இவ்வளவு துல்லியமாக நிகழ்வது பழுதாக இருக்க முடியாது, ஏதோ ஒரு டைமராகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணங்களில் ஒன்றான, 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2236, அதாவது ஐஜிஎம்பியின் இரண்டாம் பதிப்பு, இயல்பு மதிப்புகளாகச் சொல்வன இவை: 125 வினாடிக்கு ஒருமுறை "யாருக்கு எந்தக் குழு வேண்டும்?" (எங்களுக்கு ஒரு குழு என்பது ஒரு சேனல்) என்று கேள்வி அனுப்பப்பட வேண்டும், பதில் தர 10 வினாடி அவகாசம், ஒரு கேள்வி வழியில் தொலைந்தாலும் தாங்குவதற்காக 2 என்ற பெருக்கெண். 125-ஐ இரண்டால் பெருக்கி 10-ஐக் கூட்டினால் 260 வினாடிகள். அதற்குள் பதில் வராத போர்ட்டை சுவிட்ச் குழுவிலிருந்து நீக்கிவிடும்.

பெட்டிகள் ஏன் பதில் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை. வழக்கமாக அந்தக் கேள்வியைக் கேட்பது மல்டிகாஸ்ட் ரூட்டர். எங்கள் தொலைக்காட்சிகளும் ஹெட்எண்டும் ஒரே விலானில் இருந்ததால் நடுவில் ரூட்டருக்கு வேலையில்லை, ஆகவே கேள்வி கேட்க ஆளுமில்லை. சேனல் மாற்றும்போது மட்டும் பெட்டி தானாகவே ஒரு சேர்க்கைச் செய்தியை அனுப்புகிறது. அதை நம்பி சுவிட்ச் 260 வினாடி படம் தந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. போர்ட் மிரர் (ஒரு போர்ட்டில் ஓடுவதை நகலெடுக்கும் வசதி) வைத்து, பேக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு கேள்விப் பேக்கெட்கூட இல்லை. மையச் சுவிட்சில் குவரியரை, அதாவது அந்தக் கேள்வியை அனுப்பும் வசதியை, இயக்க ஒரே வரிதான் தேவைப்பட்டது. அறை 204-இல் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், படம் நிற்கவில்லை.

அடுத்த வாரம் இணைப்புக் கட்டடத்தில் புதிய தொலைக்காட்சிகள் மாட்டப்பட்டன. குவரியர்தான் இருக்கிறதே என்று அங்குள்ள சுவிட்சின் அப்லிங்கை நான் கையால் குறிக்கவில்லை. அங்கே படமே வரவில்லை. மையச் சுவிட்சுக்கு அந்த விலானில் ஐபி முகவரி கொடுக்கப்படாததால், கேள்விகள் 0.0.0.0 என்ற அனுப்புநர் முகவரியுடன் போய்க்கொண்டிருந்தன. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4541, அப்படிப்பட்ட கேள்வி வரும் போர்ட்டை ரூட்டர் போர்ட்டாகக் கொள்ளக் கூடாது என்கிறது. இணைப்புக் கட்டடத்துச் சுவிட்ச் அதன்படிதான் நடந்துகொண்டது. அதனால் பெட்டிகளின் சேர்க்கைச் செய்திகள் மையத்துக்குப் போகவில்லை. விலானுக்கு 10.20.30.1 என்ற முகவரியைக் கொடுத்தவுடன் படம் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் கேள்வி அனுப்ப முன்வந்தால் நடக்கும் குவரியர் தேர்தலில் மிகச் சிறிய ஐபி முகவரியே வெல்லும் என்பதால், மையச் சுவிட்சுக்கு அந்த விலானின் முதல் முகவரியைக் கொடுப்பது நல்லது. இல்லையென்றால் ஏதோ ஒரு மூலையில் யாரோ மாட்டும் கருவி அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாம் தளத்துக் கணினிப் போர்ட்டுகளில் 64 எம்பிபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு சேனல்களின் எடை அது. நிறுவனம் முதல் பதினாறு சேனல்களுக்கு 239.0.0.1 முதல் முகவரி கொடுத்திருந்தது. குழு முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே மேக் முகவரிக்குள் (சுவிட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரி) போவதால், 239.0.0.5-ம் ரூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை பயன்படுத்தும் 224.0.0.5-ம் ஒரே மேக் முகவரியில் போய் விழுகின்றன. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை எல்லோருக்கும் அனுப்பியே ஆக வேண்டும் என்பதால், மேக் முகவரியை வைத்து முடிவெடுக்கும் சுவிட்சுகள் இந்தச் சேனல்களையும் சேர்த்தே கொட்டும். 239.128.0 என்று தொடங்குவனவும் இப்படியே மாட்டிக்கொள்ளும். முகவரிகளை மாற்றச் சொன்னபோது, எல்லா இடங்களிலும் இதைத்தான் போடுகிறோம் என்று மறுத்தார்கள். வயர்ஷார்க் பதிவையும் போர்ட் கணக்கையும் அனுப்பி, நான்கு நாள் விடாமல் பேசிய பிறகு 239.10.1.1 முதல் மாற்றிக் கொடுத்தார்கள். அன்று அந்தப் போர்ட்டுகளில் 64 எம்பிபிஎஸ் ஏறத்தாழப் பூச்சியத்துக்கு இறங்கியதைத் திரையில் பார்த்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதே வாரம் அந்தக் கணினிகளைத் தனி விலானுக்கும் மாற்றிவிட்டேன்.

உடனடி நீக்கம் (பெட்டி ஒரு சேனலை விட்டதுமே அதை அந்தப் போர்ட்டில் வெட்டுவது) என்ற வசதியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சேனல் மாற்றம் வேகமாகும் என்று நம்பி எல்லாப் போர்ட்டுகளிலும் அதை இயக்கியிருந்தேன். நான்காம் தளத்துப் பொது வார்டில் ஒரே போர்ட்டில் சிறு சுவிட்ச் ஒன்றை மாட்டி இரண்டு பெட்டிகளை இணைத்திருக்கிறோம். இரண்டிலும் ஒரே சேனல் ஓடும்போது ஒருவர் மாற்றினால், மற்றவர் பார்க்கிறாரா என்று கேட்காமலே சுவிட்ச் அந்தச் சேனலை வெட்டிவிட, மற்றவரின் படமும் போனது. ஒரு போர்ட்டுக்கு ஒரே பெட்டி என்று உறுதியாகத் தெரிந்த இடங்களில் மட்டுமே அதை இயக்க வேண்டும். அப்லிங்க் பக்கம் அதைத் தொடவே கூடாது. அந்த வார்டில் இப்போது நிறுத்திவைத்திருக்கிறேன். அங்கே இன்னொரு கம்பி இழுப்பதற்கான கோரிக்கை நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறது.