212 ஃபைலும் ஏறிவிட்டது என்றது, சைட்டில் ஒன்றுகூட இல்லை

ஆடிப்பெருக்குக்குள் எங்கள் பாரம்பரிய நெல் விதை வெப்சைட்டை ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஏற்றியும் விட்டேன், ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு எட்டு நாளும் இரண்டு தஞ்சாவூர் பயணமும் செலவாகிவிட்டன. இன்னும் மனசு ஆறவில்லை. எங்கெங்கே மாட்டினேன் என்பதை எழுதி வைத்தால் வேறு யாருக்காவது ஒரு நாளாவது மிச்சமாகும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒன்பது பேர் பாரம்பரிய நெல் வைத்திருக்கிறார்கள், அப்பாவும் அதில் ஒருவர். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பழக்கிவிட்ட அதே முறைதான் இங்கேயும்: 2 கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். யாரிடம் தூயமல்லி இருக்கிறது, யாரிடம் பூங்கார் இருக்கிறது என்று கேட்டு ஆனி பிறந்ததுமே போன் வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு ரகத்துக்கும் படம், எத்தனை நாள் பயிர், யாரிடம் கிடைக்கும் என்று ஒரு பக்கம் போட்டுவிட்டால் அப்பா ஒரே பதிலை நாற்பது தடவை சொல்ல வேண்டியதில்லை. காட்டுயானம் மாதிரி 180 நாள் ரகத்தைக் கேட்பவர்கள் ஆடி கடந்து விதை வாங்கிப் பிரயோஜனமில்லை, அதனால்தான் அந்த அவசரம்.

பக்கங்களைத் தயார் செய்ததில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் தொடங்கியது பாஸ்வேர்டில்.

ஹோஸ்டிங்கும் (சைட்டின் ஃபைல்களை வைக்கும் சர்வர் இடம்) டொமைனும் (சைட்டின் முகவரி) இரண்டு வருஷத்துக்கு முன்பே அப்பாவின் நண்பர் ஒருவர் தஞ்சாவூரில் ஒரு கடை மூலம் வாங்கிக் கொடுத்தது, சும்மாவே கிடந்தது. யூசர்நேம், பாஸ்வேர்ட், சர்வர் முகவரி எல்லாம் மெயிலில் வரும் என்றார்கள். வந்திருக்கிறது, கடைக்காரருடைய மெயிலுக்கு. போன் செய்தால் "நேர்ல வாங்க மேடம், குடுத்துடறேன்" என்றார். வடுவூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். கடையில் ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான், சார் வெளியூர் போயிருக்கிறார், அவர் லேப்டாப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்றான். வரச் சொன்னதே அவர்தான் என்றேன், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். ஆள் இருந்தார். புது பாஸ்வேர்ட் வைக்க ஒரு லிங்க் அனுப்புங்கள், கணக்கை எங்கள் மெயிலுக்கும் போனுக்கும் மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். அதெல்லாம் அடுத்த ரினியூவலில் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பில்லின் பின்பக்கம் பேனாவால் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார். கையில் ஏதோ கிடைத்ததே என்று நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து ஒரு தடவை லாகின் செய்து பார்த்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து, சர்வருக்கு ஃபைல் ஏற்றும் சாஃப்ட்வேரான ஃபைல்ஜில்லாவைத் திறந்து சர்வர், யூசர்நேம், பாஸ்வேர்ட், போர்ட் 21 எல்லாம் போட்டேன். சிவப்பு எழுத்தில் 530, லாகின் தவறு. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு எழுத்து. மூன்றாவது பூஜ்யமா, ஆங்கிலப் பெரிய ஓவா தெரியவில்லை. ஏழாவது ஒரு நேர்கோடு, அது ஒன்றாகவும் இருக்கலாம், சின்ன எல்லாகவும் இருக்கலாம், பெரிய ஐயாகவும் இருக்கலாம். இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு விதம், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஐந்தாவது தடவை 530 வரவில்லை. அதற்குப் பதிலாக, 20 விநாடி பதிலே இல்லை, இணைப்பு நேரம் முடிந்தது என்று வந்தது.

அன்று மதியத்திலிருந்தே ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டிருந்தது, கரன்ட் வேறு போய்ப் போய் வந்தது, அதனால் நெட்தான் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் யூடியூப் ஓடுகிறது, மெயில் திறக்கிறது, இது மட்டும் பேச மாட்டேன் என்கிறது. மோடத்தை அணைத்துப் போட்டேன், சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன். மறுநாள் காலையும் அதே கதை. அப்புறம்தான் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சேர்த்த உடனே சர்வர் பதில் சொன்னது, 530 என்று. அந்த 530-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்றால் பாருங்கள்.

நடந்தது இதுதான்: தொடர்ந்து தப்பான பாஸ்வேர்ட் போட்டால், யாரோ உடைத்து நுழையப் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சர்வர் நம்முடைய ஐபி முகவரியையே (நம் நெட் இணைப்பின் எண்ணையே) தடுத்துவிடும். அதற்குப் பிறகு சரியான பாஸ்வேர்ட் போட்டாலும் வாசலுக்கே போய்ச் சேராது. இது தெரியாததால் ஒன்றரை நாள் மோடத்தோடு மல்லுக்கட்டினேன். 530 என்றால் சர்வர் பேசுகிறது, நம்மை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். திடீரென்று டைம்அவுட் என்றால் தடுத்துவிட்டதா என்று முதலில் வேறு இணைப்பில் பாருங்கள். இரண்டு தடவைக்கு மேல் ஊகித்துப் போடவே போடாதீர்கள்.

கடைக்காரருக்கு ஐந்து முறை போன் செய்த பிறகு வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டை எழுத்தாகவே அனுப்பினார். மூன்றாவது பெரிய ஓ, ஏழாவது சின்ன எல். அதைக் காப்பி செய்தபோது கடைசியில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரப் பார்த்தது, நல்லவேளை கவனித்துவிட்டேன்.

முதல் தடவை இணைத்தபோதே, பாஸ்வேர்ட் போவதற்கு முன்னால், சர்வர் யாருடையது என்று காட்டும் சான்றிதழ் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. சர்வர் பெயர் நம்முடைய ஹோஸ்டிங் கம்பெனி பெயர்தானா என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாம். இந்த இடத்தில் சலித்துக்கொண்டு, குறியாக்கம் இல்லாத சாதா எஃப்டிபியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். எஃப்டிபி என்பது சர்வருக்கு ஃபைல் அனுப்பும் முறை. எஃப்டிபிக்கு முதல் விதிமுறையை எழுதியவர் நம் நாட்டுக்காரர், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண், 1971-ல். கம்ப்யூட்டர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இணைந்திருந்த காலம் அது, அதனால் சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்ட் அப்படியே திறந்தபடி போகும். டிஎல்எஸ் என்ற குறியாக்கம் உள்ள வகையையோ, எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான வேறு முறையையோதான் எடுக்க வேண்டும்.

அன்று மாலை வீட்டில் மறுபடி கரன்ட் போய்விட்டது. மன்னார்குடியில் தோழி வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டருக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே லாகின் ஆனது, ஆனால் சர்வர் பக்க ஃபோல்டர் பட்டியல் வரவே இல்லை. எஃப்டிபியில் வாய்க்கால் இரண்டு. கட்டளை போவது ஒன்றில், பட்டியலும் ஃபைலும் வருவது வேறொன்றில். முதல் மதகு திறந்திருக்கிறது, இரண்டாவதை அந்த சென்டரின் ஃபயர்வால் (நெட் காவல் தடுப்பு) மூடி வைத்திருக்கிறது. எஸ்எஃப்டிபிக்கு வாய்க்கால் ஒன்றுதான், போர்ட் 22. எங்கள் ஹோஸ்டிங்கில் அது இருந்தது, மாற்றிய உடனே பட்டியல் வந்துவிட்டது. எல்லா ஹோஸ்டிங்கிலும், எல்லா எஃப்டிபி கணக்குக்கும் அது இருக்காது, முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது பக்கம் இழுத்து விட்டேன். முக்கால் மணி நேரம். கீழே வெற்றி 212, தோல்வி 0. அப்பாவுக்குப் போன் போட்டு "ஏத்தியாச்சுப்பா" என்று சொல்லியும்விட்டேன். பிரவுசரில் முகவரியைப் போட்டால் ஹோஸ்டிங் கம்பெனியின் 'விரைவில் வருகிறது' பக்கம்தான் நிற்கிறது.

சப்போர்ட் சாட்டில் கேட்டேன். கேஷை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, அழியுங்கள் என்றார்கள். அழித்தேன். 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம், காத்திருங்கள் என்றார்கள். டொமைனைப் புதிதாக ஒரு சர்வருக்குத் திருப்பும்போது அப்படி ஆகும் என்பது உண்மைதான், அதனால் நானும் நம்பிவிட்டேன். ஆனால் எங்கள் டொமைன் இரண்டு வருஷமாக அதே சர்வரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது! நான் என்ன கேட்டேன் என்று படிக்காமலே எல்லோருக்கும் அனுப்பும் பதிலை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் அப்பாவுக்கு விதை கேட்டு பதினோரு போன் வந்தது. பெரியப்பா வேறு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "பாப்பா, நெட்ல வந்துட்டா?" என்று மணிக்கொரு தரம் கேட்டார்.

மறுநாள் ராத்திரி சர்வர் பக்கத்தை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பாதை இருக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு மட்டும் இருக்கிறது, கீழே என்னுடைய 212 ஃபைல், அவ்வளவுதான். வழக்கமாக மேலே மெயில், லாக் என்று நாலைந்து ஃபோல்டர் தெரியும், அதில் பப்ளிக் ஹெச்டிஎம்எல் என்று ஒன்று இருக்கும், சைட் அதற்குள்தான் போக வேண்டும். எனக்கு அந்த ஃபோல்டரே தெரியவில்லை. யூசர்நேமைப் பார்த்தேன். நடுவில் அட் குறியும் அதற்குப் பின்னால் டொமைன் பெயரும் இருந்தன. அப்படியென்றால் கடைக்காரர் கொடுத்தது மெயின் கணக்கே இல்லை, தனியாக உருவாக்கிய ஒரு எஃப்டிபி கணக்கு. அப்படி உருவாக்கும்போது பாதையை மாற்றாமல் விட்டால், கன்ட்ரோல் பேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) பப்ளிக் ஹெச்டிஎம்எல்லுக்குள் அந்த யூசர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதையே அந்தக் கணக்குக்கு வீடாக வைத்துவிடும். நமக்குத் தெரியும் உலகமே அந்த ஃபோல்டர்தான். வெற்றி என்று சாஃப்ட்வேர் சொன்னதில் பொய் இல்லை, ஏற வேண்டியது அங்கே ஏறியிருக்கிறது.

சரி பார்த்துவிடுவோம் என்று பிரவுசரில் டொமைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு அந்த யூசர் பெயரை அடித்தேன். அப்பா களத்துமேட்டில் மாப்பிள்ளைச் சம்பா கதிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முதல் பக்கம் அப்படியே திறந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு அப்பாவை எழுப்பிக் காட்டினேன்.

அதற்கப்புறம் சீக்கிரம் முடிந்தது. சாட்டில் இந்தத் தடவை வந்தவர் நான் எழுதியதைப் படித்தார். கடைக்காரரை இன்னொரு பக்கம் போனில் வைத்துக்கொண்டே, சாட்டில் கேட்ட பின் நம்பரைச் சொன்னேன், ஐந்தே நிமிடத்தில் கணக்கின் பாதையை மாற்றிக் கொடுத்துவிட்டார். 212 ஃபைலையும் மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. சர்வர் பக்கத்திலேயே எல்லாவற்றையும் பிடித்து, பட்டியலின் உச்சியில் இரண்டு புள்ளியாக இருக்கும் வரியில் இழுத்துப் போட்டால் ஒரு படி மேலே நகர்ந்துவிடும். ஹோஸ்டிங் கம்பெனி வைத்திருக்கும் பழைய முதல் பக்கம் அங்கே கிடந்தால் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே முன்னால் வந்து நிற்கும்.

மிச்சம் இருந்தது படங்கள். பதினான்கு படம் வரவில்லை. போன் கேமரா படத்தின் பெயர் முடிவில் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது, நான் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினேன். காட்டுயானம் படம் மட்டும் வேறு மாதிரி அடம்பிடித்தது. யானை நின்றாலும் மறைக்கும் உயரம் என்பார்கள், அது தெரிய வேண்டுமென்றே அப்பாவைப் பயிருக்குள் நிறுத்தி எடுத்த படம். மேல் பாதியில் கதிரும் வானமும் இருந்தன, அப்பாவின் நெற்றிக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். பெரிதாக இருக்கிறதே என்று வீட்டில் ஹாட்ஸ்பாட்டில் சோதனைக்கு முதலில் அனுப்பிய படம் அது, பாதியில் கரன்ட் போய் மோடமும் இல்லாமல் போனும் சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது. பிரவுசிங் சென்டரில் மொத்தமாக ஏற்றும்போது, இந்த ஃபைல் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்டதற்கு 'தவிர்' என்று கொடுத்திருக்கிறேன், அரைகுறையே நிலைத்துவிட்டது. அளவு வேறாக இருந்தால் மேலெழுது என்று ஒரு வழி அங்கேயே இருக்கிறது, அதைக் கொடுங்கள். நான் படத்தையும் 4 எம்பியிலிருந்து சுருக்கி மறுபடி அனுப்பினேன், இரண்டு விநாடியில் போய்விட்டது.

ஆடிப்பெருக்கன்று காலை ஆற்றங்கரைக்குக் கிளம்பும் முன்னால் வாட்ஸ்அப்பில் லிங்கை அனுப்பினேன். காட்டுயானம் கேட்டு முதல் போன் பத்து மணிக்குள் வந்தது, படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

இப்போது கணக்கு எங்கள் மெயிலுக்கே மாறிவிட்டது, அதற்கும் மூன்று போன் ஆனது. பாஸ்வேர்டை மாற்றி அப்பாவின் விதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பூஜ்யம், ஓ, ஒன்று, எல், ஐ எதுவும் அதில் கிடையாது.