டர்பனில் பெரியவர்களுக்கு இல்லம் தேடும்போது: கையெழுத்து முதல் நான்காம் மாதம் வரை

வயதான அம்மாவையோ அப்பாவையோ இல்லத்தில் சேர்க்க நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் அறையைத்தான் பார்க்கப் போகின்றன. கடைசியில் செய்ய வேண்டியது அது. முதலில் பத்திரங்களில் பெரியவரின் கையெழுத்து, அடுத்து பராமரிப்பு நிலை, பிறகு பணம், அதன் பிறகே அறை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களோடு உட்கார்ந்து இந்தப் படிவங்களை நிரப்பியதில் எங்களுக்குத் தெளிவான வரிசை இது.

கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் என்பது, அதை எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். மறதி நோய் முற்றி அவரால் சொந்தமாக முடிவெடுக்க முடியாமல் போனால் பத்திரமும் செல்லாது. அதற்குப் பின்னும் நீடிக்கும் பத்திரம் என்று இங்கே எதுவும் கிடையாது. அந்த நிலைக்கு வந்தபின் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, உயர் நீதிமன்றம் போய், பெரியவரின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் (கியூரேட்டர்) ஒருவரை நியமிக்கக் கேட்பது. வழக்கறிஞர் கட்டணமே பெரிய தொகையாகிவிடும். மற்றது, 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் நிர்வாகி ஒருவரை நியமிக்க விண்ணப்பிப்பது. இதற்குச் செலவு குறைவு, ஆனால் மருத்துவச் சான்றுகள் வேண்டும், நாளும் பிடிக்கும். அதுவரை வங்கியில் இருக்கும் பெரியவரின் பணத்தைப் பிள்ளைகள் தொட முடியாது. இல்லத்தின் கட்டணத்தைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். அதனால் நினைவு தெளிவாக இருக்கும்போதே உயில், வங்கியின் சொந்த அதிகாரப் படிவம், மருத்துவ முடிவுகள் பற்றிய எழுத்து மூலமான விருப்பம் மூன்றையும் முடித்துவிடுங்கள். வெளியில் எழுதிய பத்திரத்தை வங்கிகள் பல சமயம் ஏற்பதில்லை, தங்கள் படிவத்தையே கேட்கின்றன.

இல்லத்தில் சேரப் பெரியவரின் சம்மதமும் கட்டாயம். 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்கிறது. முடிவெடுக்கும் நிலையில் இருப்பவரைப் பிள்ளைகள் கூடிப் பேசி அனுப்பிவிட முடியாது, அனுப்பவும் கூடாது.

அடுத்து ஆவணங்கள். எங்கள் மக்களிடம் வேலை அதிகம் சிக்குவது பெயரில்தான். ஐடியில் ஒரு எழுத்து, வீட்டுப் பத்திரத்தில் வேறு எழுத்து, தகப்பன் பெயர் ஒன்றில் குடும்பப் பெயராக, இன்னொன்றில் முதல் பெயராக இருக்கும். அந்தக் காலத்தில் சடங்கு முறைப்படி மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாத திருமணங்களும் நிறைய. ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய அம்மா உள்துறை ஏட்டில் மணமாகாதவராக இருப்பார். அரசின் முதியோர் கொடுப்பனவுக்கு வருமானத்தைக் கணக்கிடும்போது மண நிலை முக்கியம் என்பதால் இந்த முரண்பாடு கோப்பை நிறுத்திவிடும். காவல் நிலையத்தில் இலவசமாகவே அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதலாம், நகல்களுக்கு முத்திரையும் வாங்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் திருப்பிவிடுகிறார்கள், ஆகவே எல்லா நகல்களையும் ஒரே நாளில் எடுத்து, உடனே பயன்படுத்துங்கள்.

பராமரிப்பு நிலைதான் விலையைத் தீர்மானிக்கிறது. தானாக எழுந்து குளித்துச் சாப்பிடுபவர், குளிக்கவும் மருந்து எடுக்கவும் துணை தேவைப்படுபவர், படுக்கையோடு இருப்பவர் என்று மூன்று தட்டு. கடைசித் தட்டை ஃப்ரெயில் கேர் என்கிறார்கள். அரசு மானியம் பெறும் இல்லங்களில் சேரச் சமூகப் பணியாளரும் மருத்துவத் தரப்பும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் உண்டு. டிகியூ 98 என்று கேட்டால் தெரியும். அந்த நாளில் பெரியவர்கள் மானம் கருதி, “எனக்கு எல்லாம் செய்ய வருது” என்று சொல்லிவிடுவார்கள். கூடவே ஒருவர் இருந்து, இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது, எப்போது விழுந்தார், எந்த மாத்திரையை மறந்தார் என்பதை முந்தைய இரண்டு வாரக் குறிப்போடு சொல்ல வேண்டும். ஆர். கே. கான் மருத்துவமனை போன்ற இடத்தில் பெரியவர் படுத்திருந்தால், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே வார்டில் சமூகப் பணியாளரைப் பார்க்கக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் அதே உதவியைத் தேடிப் பெறுவது பல மடங்கு கடினம்.

இனி பணம். 60 வயது நிறைந்த, வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருப்பவருக்குச் சாஸ்ஸா என்ற அரசுச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தரும் முதியோர் கொடுப்பனவு 2025இல் மாதம் சுமார் 2,300 ரேண்ட். 75 கடந்தவருக்கு 20 ரேண்ட் கூடுதல். குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பு சொத்துக் கணக்கில் வராது. ஆனால் அவர் இல்லத்துக்குப் போனபின் வீட்டை வாடகைக்கு விட்டால், வாடகை வருமானமாகிவிடும். ஐடி, முகவரிச் சான்று, மூன்று மாத வங்கிக் கணக்கறிக்கை, தனியார் பென்ஷன் இருந்தால் அதன் சான்று எல்லாம் வேண்டும். துணைவர் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்திருந்தால் உயிலும் சொத்துக் கணக்கும் கேட்பார்கள். விண்ணப்பம் இலவசம். நடக்க முடியாதவருக்காகக் குடும்பத்தினர் மருத்துவரின் கடிதத்தோடு போகலாம். முடிவு வர மூன்று மாதம்வரை ஆகலாம், ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். அதனால் விண்ணப்பித்த தேதி உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

பலருக்குத் தெரியாதது கிராண்ட்-இன்-எய்ட். முதியோர் கொடுப்பனவு வாங்குபவருக்கு முழுநேரமும் இன்னொருவர் துணை வேண்டும் என்றால், அதற்கு மேல் இன்னொரு தொகை கிடைக்கும், 2025இல் அது மாதம் சுமார் 560 ரேண்ட். மூன்று மாதத்துக்குள் எடுத்த மருத்துவ அறிக்கை வேண்டும். அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவருக்கு இது கிடையாது. வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான உதவி.

வீட்டில் வைத்துப் பார்ப்பது மலிவு என்று நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் வாரம் 45 மணி நேரத்துக்கு ஒரு ஆள் வைத்தால் மாதம் சுமார் 5,600. இரவுக்கு இன்னொருவர் என்றால் வார இறுதி சேர்க்காமலே 11,000 தாண்டும். இரண்டு கொடுப்பனவும் சேர்ந்து ஒரு பகல் ஆளின் கூலியில் பாதிதான் வரும். வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யூஐஎஃப்புக்கு முதலாளி ஒரு சதவீதம், ஊழியர் ஒரு சதவீதம் கட்ட வேண்டும். வேலையிடத்தில் ஆள் காயப்பட்டால் இழப்பீட்டுச் சட்டமும் பொருந்தும். 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வீட்டுப் பணியாளர்களையும் அதில் சேர்த்துவிட்டது. பெரியவரைத் தூக்கி இறக்கும் வேலையில் முதுகு பிடிப்பது அடிக்கடி நடப்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இல்லங்களில் தனியார் ஃப்ரெயில் கேர் மாதம் 20,000 ரேண்டைத் தாண்டுவது சாதாரணம். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குக் கொடுக்காது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் சில வாரப் புனர்வாழ்வுக்குத் தருவதோடு சரி. நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருப்பது தொண்டு அமைப்புகளைத்தான். நகர மையத்தில் குறைந்த வாடகை அறைகளும் வீட்டுக்கு உணவு கொண்டுவரும் சேவையும் நடத்தும் டாஃப்டா, 1921இல் தொடங்கிய ஆரியன் பெனவலண்ட் ஹோம் இரண்டிலும் முதலில் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் உண்டு. தேவை வரும் முன்பே பெயர் கொடுப்பதில் தவறில்லை. நோய் இறுதிக் கட்டத்தில் இருந்தால் சாட்ஸ்வொர்த் ஹாஸ்பிஸையும் கேட்கலாம். லைஃப் ரைட் விற்கும் ஓய்வு கிராமங்கள் வேறு வகை: பெரும் தொகை கட்டி ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை, அதற்கு மேல் மாதக் கட்டணம் (லெவி). இறந்தபின் எத்தனை சதவீதம், எப்போது திரும்பும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

ஒப்பந்தத்தில் விலைக்குப் பக்கத்தில் எழுதாமல் விட்டவைதான் குடும்பத்தை அழுத்தும். பெரியவர்களுக்கான நாப்பி ஒரு நாளைக்கு நான்கு என்றால் மாதம் 120, யார் வாங்குவது? மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா? பராமரிப்பு நிலை மாறியது என்று யார் முடிவு செய்வார், அடுத்த தட்டின் விலை என்ன, ஆண்டு உயர்வு எந்த மாதம்? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள். பெரியவர் வரி கட்டுபவராக இருந்தால், நர்ஸிங் செலவையும் தங்கும் செலவையும் பில்லில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 65 கடந்தவருக்கு மருத்துவச் செலவில் 33.3 சதவீதம் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழியும், தங்கும் வாடகைக்கு அது கிடையாது.

பார்க்கப் போகும் நாளை ஞாயிறு மாலைச் சாப்பாட்டு நேரமாக வையுங்கள். ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். அழைப்பு மணியை அழுத்திவிட்டு யார் எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்று பாருங்கள். இரவில் பதிவு பெற்ற நர்ஸ் (சிஸ்டர்) இருக்கிறாரா, படுக்கைப்புண் வந்தவர்கள் இப்போது எத்தனை பேர், மின்சாரம் போனால் ஆக்ஸிஜன் இயந்திரத்துக்கு ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் நகரின் வடபகுதியில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் மக்கள் பட்ட பாடு நினைவிருக்கும். தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ தொட்டி எத்தனை லிட்டர் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத அம்மாவுக்கு மாட்டிறைச்சி வெந்த கரண்டியில் பருப்பு ஊற்றுவார்களா என்று சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். அறையில் காமாட்சி விளக்கு ஏற்ற விடமாட்டார்கள், தீ ஆபத்து. பேட்டரி விளக்குக்கு அனுமதி வாங்கிவிடலாம். மறதி உள்ளவர் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்குத் திரும்பிவிட்டால், தண்ணி, வலி, ஒண்ணுக்கு, குளிருது போன்ற இருபது சொற்களை ஆங்கில எழுத்திலும் ஜூலுப் பொருளோடும் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். பார்த்துக்கொள்ளும் பெண்கள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

சேர்ந்தபின்னும் மூன்று வேலைகள் இருக்கின்றன. சாஸ்ஸாவில் முகவரியை மாற்ற வேண்டும். வீட்டு வரியில் முதியோர் தள்ளுபடி வாங்கியிருந்தால், உரிமையாளர் அங்கே குடியிருப்பதை வைத்துத் தருவது அது என்பதால் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்ந்தது அரசே நடத்தும் இல்லமானால், நான்காம் மாதத் தொடக்கத்திலிருந்து கொடுப்பனவு கால் பங்காகக் குறையும். வீட்டுக்குத் திரும்பினால் அவர் வெளியேறிய சான்றைக் கொடுத்து முழுத் தொகையை மீண்டும் கேட்கலாம். தொண்டு அமைப்பின் இல்லத்தில் முழுத் தொகையும் வரும், அதில் பெரும்பகுதி கட்டணமாகப் போகும். கையில் நிற்கும் சிறு தொகை பெரியவருடையது. கொடுப்பனவு அட்டையையும் ரகசிய எண்ணையும் கடன்காரர் உட்பட யாரும் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. மாதாமாதம் கணக்கறிக்கையை அச்செடுத்து அவரிடமே காட்டுங்கள்.