தேனுக்கு விளம்பரம், கிளிக் செய்தவர்களுக்கோ பெட்டி வேண்டும்

மார்த்தாண்டம் பக்கத்தில் என் மைனி தேன், கிராம்பு, கருப்பட்டி, ஏத்தங்காய் சிப்ஸ் எல்லாம் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறார். கூகுள் ஷாப்பிங் விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தது. கிளிக் நிறைய, ஆர்டர் சொற்பம். என்னவென்று பார் என்று கணக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

இந்த வகை விளம்பரத்தில் எந்தச் சொல்லைத் தேடினால் காட்ட வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. கடைக்காரர்கள் பொருள் விவரங்களை ஏற்றிவைக்கும் கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் பொருளுக்கு எழுதிவைத்த தலைப்பு, விவரம், வகை இவற்றைப் படித்து கூகுளே பொருத்திக்கொள்கிறது. அதனால் முதலில் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைத் திறந்தேன். எதைத் தேடியவர்கள் நம்மிடம் வந்தார்கள் என்பது அதில் தெரியும், அபூர்வமான தேடல்கள் தவிர. தேனீப் பெட்டி விலை, தேனீ வளர்ப்பு கிட், கிராம்புச் செடி, கிராம்பு எண்ணெய் என்று வரிசையாக இருந்தது. மைனியிடம் காட்டினேன். "நம்ம தேன் விக்கியதுக்கா, பெட்டி விக்கியதுக்கா துட்டு குடுக்கோம்?" என்றார்.

முன்பு அமைத்துக் கொடுத்தவர் ஆங்கிலத்தில் 'பீ பாக்ஸ் ஹனி' என்று தலைப்பு வைத்திருந்தார். பெட்டியில் தேனீ வளர்த்து எடுக்கும் பெட்டித் தேனுக்கும் மலைத்தேனுக்கும் வித்தியாசம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தேடுகிறவர் புனேயில் இருக்கலாம். 'ரா ஹனி 500 கிராம், ரப்பர் பிளான்டேஷன், மார்த்தாண்டம்' என்று மாற்றினேன். தலைப்புக்கு 150 எழுத்து வரை இடம் உண்டு, திரையில் பெரும்பாலும் முதல் 70 வரைதான் தெரியும். ஆகவே பொருளும் எடையும் முன்னால், ஊர்ப்பெருமை பின்னால். ரப்பரில் பூவைவிட இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. மைனிக்கு அதையும் தலைப்பில் போட ஆசை. விவரத்தில் 5,000 எழுத்து வரை இடம் இருக்கிறது, அங்கே எழுதுங்கள் என்று சமாதானப்படுத்தினேன்.

கிராம்பின் விவரத்தில் பல்வலி, எண்ணெய் என்றெல்லாம் நீளமாக எழுதியிருந்தது. அதை எடுத்துவிட்டு, எந்த மலையில் விளைந்தது, முழு மொட்டா, எப்படிக் காய்ந்தது என்று எழுதினோம். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல், அந்த ஊர்ப் பொருள் என்பதற்கான புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கும் ஒரு வரி.

அப்புறம் வகை. இதில் நிரப்ப இரண்டு கட்டங்கள். ஒன்று கூகுளின் பட்டியலிலிருந்து எடுப்பது. அதில் தேனுக்குத் தனி இடமே இருக்க, எல்லாம் 'ஃபுட்' என்று கிடந்தது. இன்னொன்று நாமே எழுதும் வகை. தேன், மசாலா, கருப்பட்டி, சிப்ஸ் என்று பிரித்தபின் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஏலத்தொகை, அதாவது ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வரை தருவோம் என்பதை, வைக்க முடிந்தது. எனக்குக் கேட்டால் இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் பலர் வீணாகக் காலியாக விடுகிறார்கள். கஸ்டம் லேபிள் என்று, நம் வசதிக்கு நாமே ஒட்டும் அடையாளங்கள் ஐந்து உண்டு. அவை பொருத்தத்துக்கு உதவாது, விளம்பரங்களைப் பிரித்து நடத்தத்தான். ஒன்றில் லாபம் அதிகம், குறைவு என்று குறித்தேன். எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழத்தை விளம்பரத்திலிருந்தே எடுத்துவிட்டோம். 2023இல் அதற்கும் குறியீடு வந்ததுதான், ஆனால் பழுத்த மட்டி கூரியரில் சென்னை போய்ச் சேரும்போது என்ன கதியில் இருக்கும்?

கடைசியாக நெகட்டிவ் கீவேர்ட், அதாவது இந்தச் சொல்லைத் தேடினால் நம் விளம்பரத்தைக் காட்டாதே என்று அடைப்பது. பெட்டி, செடி, நாற்று, எண்ணெய், பயிற்சி. இதில் ஒருமையைச் சேர்த்தால் பன்மையும் தானாக அடைபடாது, 'பிளான்ட்', 'பிளான்ட்ஸ்' இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். இது தெரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இப்போது அறிக்கையில் தேன் பக்கம் தேன் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும். கருப்பட்டி மட்டும் இன்னும் அடங்கவில்லை. கருப்பட்டிக் காபிக் கடை தேடுகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 'காபி'யை மொத்தமாக அடைத்தால், வீட்டில் காபிக்குப் போட வாங்குகிறவர்களும் போய்விடுவார்கள். அதனால் 'அருகில்', 'கடை' என்று வரும் தேடல்களை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருக்கிறேன்.