பத்து நாள் வீடு பூட்டினாலும் நீச்சல் குளத்தில் பாசி பிடிக்காமல் இருக்க

நோம்பிக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய்விட்டு வந்தால் நீலமாக விட்டுப்போன குளம் பச்சையாக நிற்கும். உடனே கடைக்குப் போய் பாசி மருந்து வாங்குவார்கள். ஆனால் பாசி பிடித்ததற்குக் காரணம் மருந்து போடாதது இல்லை. நடுவில் ஏதோ ஒரு நாள் தண்ணீரில் குளோரின் பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். சித்திரை வெயிலில் அந்த ஒரு நாள் போதும். நீங்கள் இல்லாத ஒவ்வொரு நாளும் குளம் எவ்வளவு குளோரின் தின்னும் என்று கணக்குப் போட்டு, அதை வைத்துவிட்டுப் போக வேண்டும். மற்ற வேலையெல்லாம் இந்தக் கணக்கு கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

தோட்டத்துச் சாளைகளில் (பண்ணை வீடுகளில்) வழக்கமாகக் கட்டும் அளவையே எடுத்துக்கொள்வோம்: 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி ஆழம் நாலரை அடி. மூன்றையும் பெருக்கினால் 1296 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 37,000 லிட்டர். இதில் 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) குளோரின் ஏற்ற 37 கிராம் சுத்தக் குளோரின் தேவை. 200 கிராம் டிசிசிஏ 90 மாத்திரை (90 சதவீதம் குளோரின் தரும், மெதுவாகக் கரையும் டிரைகுளோர்) ஒன்றில் 180 கிராம் குளோரின் இருக்கிறது. ஒரு மாத்திரை கரைந்தால் ஏறத்தாழ 5 பிபிஎம். கோடையில் நிழல் இல்லாத குளம் தினம் 2 முதல் 3 பிபிஎம் வரை இழக்கும். இரண்டரை என்று வைத்தால் பத்து நாளைக்கு 25 பிபிஎம், அதாவது 5 மாத்திரை. உங்கள் குளத்தின் தினசரி இழப்பு என்ன என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், மாத்திரை எதுவும் மிதக்காத நேரத்தில், இரண்டு நாள் ஒரே நேரத்தில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த வாரத்திலேயே இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ஒருமுறை, மறுநாள் வெயில் படும் முன் ஒருமுறை ஃப்ரீ குளோரினை (இன்னும் வேலை செய்யக்கூடிய குளோரினை) அளந்து பாருங்கள். இரவில் வெயில் இல்லை, ஆகவே குறைவது 1 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத பாசியோ அழுக்கோ குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த நிலையில் எத்தனை மாத்திரை வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது பச்சைதான். நிழல் விழும் பக்கத்துச் சுவரை, ஏணிக்குப் பின்னால், விளக்கு வளையத்துக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். நிறம் மாறுவதற்கு முன்பே வழவழப்பு வந்துவிடும். அந்த இடங்களை பிரஷ் போட்டுத் தேய்க்காமல் குளோரின் மட்டும் ஏற்றினால், மேல் படலம்தான் சாகும்.

அளக்கும் கிட்டைப் பற்றி ஒன்று. மஞ்சள் நிறம் காட்டும் மலிவான ஓடிஓ சொட்டு, மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்து முடித்த குளோரினும் அதில் சேர்ந்துவரும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி நிறம் வெளுத்து, பூஜ்யம் போலத் தெரியும். குளோரின் போட்ட கையோடு பூஜ்யம் காட்டினால், குளத்துத் தண்ணீரோடு அதே அளவு குளோரின் இல்லாத தண்ணீரைக் கலந்து மறுபடி அளந்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள்.

அடுத்து தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் (கோவைக்கு வரும் மென்மையான குடிநீர்) நிரப்புகிறவர்களுக்கு உப்பு ஒரு கவலையே இல்லை. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. கடினத்தன்மையும் காரத்தன்மையும் அதிகம், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) எந்நேரமும் மேலே போகப் பார்க்கும். பிஎச் 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும்; 8-க்குப் போனால் கால்வாசிதான். டெஸ்ட் கிட் 3 பிபிஎம் காட்டியும் பாசி வருகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிஎச்சைத்தான். கிளம்பும்போது பிஎச் 7.2 முதல் 7.4, காரத்தன்மை 100 பிபிஎம் பக்கம் இருக்கட்டும். காரத்தன்மையை 10 பிபிஎம் குறைக்க இந்த அளவுக் குளத்துக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் முக்கால் லிட்டர் போதும். பம்ப் ஓடும்போது, பக்கெட் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றி (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது), ஆழமான பக்கம் மெதுவாக விடுங்கள்.

இந்த உப்புத் தண்ணீருக்கு டிசிசிஏ மாத்திரைதான் பொருத்தம். அது அமிலத் தன்மை உள்ளது, பிஎச் ஏறுவதை ஓரளவு பிடித்து வைக்கும். கால்சியம் ஹைப்போவும் (கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள்) பிளீச்சிங் பவுடரும் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்போடு இன்னும் சேர்க்கும். டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் பட்டை படிவது அதனால்தான். டிசிசிஏவுக்கும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு மாத்திரையும் இந்தக் குளத்தில் 3 பிபிஎம் ஸ்டெபிலைசரை (சயனூரிக் அமிலம்) விட்டுப்போகும். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்ற 30 முதல் 50 பிபிஎம் ஸ்டெபிலைசர் வேண்டும். அதுவே கூடிப்போனால் குளோரினின் கையைக் கட்டிவிடும். தண்ணீரை மாற்றுவதுதான் வழி. கிளம்பும்போது 30 இருந்தால் 5 மாத்திரை தீரும்போது 45-இல் நிற்கும். 70 இருந்தால் ஊருக்குப் போகும் முன் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.

மாத்திரையை ஸ்கிம்மர் (மேல்மட்டச் சருகை இழுக்கும் சுவர் வாய்) கூடையில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் கூடையைச் சுற்றி ஆசிட் போன்ற தண்ணீர் தேங்கி, பம்ப் ஓடியதும் நேராக மோட்டார் சீலுக்குப் போகும். மிதவை டப்பாவில் போட்டு, படிக்கட்டில் போய் ஒட்டாமல் நடுவில் நிற்கும்படி கயிறு கட்டுங்கள். டப்பாவின் துளை எவ்வளவு திறந்தால் தினம் எவ்வளவு கரைகிறது என்பதை மூன்று நாள் முன்பே விட்டு அளந்து பாருங்கள். கிளம்பும் மாலை திரவக் குளோரின் ஊற்றி 8 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். 2-இல் இருந்து 8-க்குப் போக, புதிதாக வாங்கிய 10 சதவீதச் சரக்கு 2.2 லிட்டர். வெயிலில் வைத்த கேன் என்றால் பாதி வீரியம்கூட இருக்காது.

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். காரத்தன்மை உள்ள நம் தண்ணீரில் செம்பு படிந்து சுவரில் கறையாகும், தலைமுடியும் பச்சை பாயும். பாசி மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால், நுரைக்காத பாலிகுவாட் வகையை டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்குப் போடுங்கள். அது துணைக்குத்தான், குளோரின் இல்லாத இடத்தில் அதுவும் நிற்காது.

இத்தனையும் சரியாகச் செய்தும் குளம் கெடுவதற்குப் பெரிய காரணம் மின்சாரம். தோட்டத்து மோட்டாருக்கு மாட்டுகிற மாதிரி பச்சை சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டரை ஃபில்டர் பம்புக்கும் மாட்டியிருப்பார்கள். கரண்ட் போனதும் அதில் உள்ள காயில் விட்டுவிடும், கரண்ட் வந்தாலும் யாராவது பட்டனை அழுத்தும்வரை ஓடாது. டைமர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், பம்ப் மட்டும் பத்து நாளும் நின்றே இருக்கும். வெளியூர் போவதற்கு முன் மெயினை ஒருமுறை ஆஃப் செய்து போட்டு, தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால், கிணற்று மோட்டாருக்குப் போடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டரோ, டைமரோடு இணைத்த கான்டாக்டரோ போதும். முள் சுற்றும் டைமர் கரண்ட் போன நேரம் முழுக்கப் பின்தங்கும்; பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும் என்பதால் காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8 என்று பிரித்து வைப்பது நல்லது. 1 எச்பி பம்ப் மணிக்கு 12,000 லிட்டர் தள்ளினால் எட்டு மணி நேரத்தில் குளம் இரண்டரை முறை ஃபில்டரைச் சுற்றி வந்துவிடும்.

கிளம்பும் நாள் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டர் மணலைக் கழுவுவது) செய்யுங்கள். கண்ணாடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று நிமிடம், பிறகு அரை நிமிடம் ரின்ஸ். பம்பை நிறுத்தாமல் மல்டிபோர்ட் வால்வை (ஃபில்டர், பேக்வாஷ், வேஸ்ட் என்று நிலை மாற்றும் வால்வு) திருப்பினால் உள்ளே உள்ள ஸ்பைடர் கேஸ்கெட் விலகிவிடும். அப்புறம் ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே கழிவுக் குழாயில் மெல்லிய ஒழுக்கு நிற்காமல் போகும். வீட்டில் ஆள் இருந்தால் இந்த ஒழுக்கு தெரியாது, தினமும் நிரப்பிக்கொண்டே இருப்போம். பத்து நாள் பூட்டினால் மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கி, பம்ப் காற்றை இழுத்து சீல் கருகும். பேக்வாஷ் முடிந்து கால் மணி நேரம் பம்பை ஓட்டிவிட்டு அந்தக் குழாயின் முனையைத் தொட்டுப் பாருங்கள்; சொட்டக் கூடாது. வெயிலிலும் காற்றிலும் ஆவியாவது தினம் 6 மில்லிமீட்டர் என்று வைத்தாலே பத்து நாளில் 6 சென்டிமீட்டர் இறங்கும். எனவே ஸ்கிம்மர் வாயின் மேல் விளிம்பை ஒட்டி நிரப்பிவிட்டுப் போகலாம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்குரும்பையும் பூவும் பாளைச் சருகும் ஒரு ராத்திரியில் கூடையை அடைத்துவிடும். நாற்றுப் பந்தலுக்குப் போடும் 75 சதவீத நிழல் வலையைக் குளத்துக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில், நடுவில் ஒரு கம்பி இழுத்துக் கூரை போலச் சரிவாகக் கட்டுங்கள். சருகும் விழாது, வெயிலும் குறையும், குளோரின் செலவும் இறங்கும். வலை ஆள் பாரம் தாங்காது, குழந்தைக்கும் நாய்க்கும் அது ஆபத்து. ஆகவே கேட்டைப் பூட்டிவிட்டே போங்கள்.

தோட்டத்து ஆளிடம் ஆசிட்டையும் குளோரினையும் அளக்கக் கொடுக்காதீர்கள். கூடையைக் கொட்டுவது, மட்டம் பார்ப்பது, ஃபில்டர் பிரஷர் கேஜ் பார்ப்பது, இந்த மூன்று போதும். போனில் "மோட்டார் ஓடுதுங்களாண்ணா?" என்று கேட்டால் "ஓடுதுங்க" என்றுதான் பதில் வரும். "கேஜுல முள்ளு எங்க நிக்குதுங்க?" என்று கேளுங்கள். பேக்வாஷ் செய்த கையோடு முள் நின்ற இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு, அதற்கு மேல் 0.6 பார் தள்ளி இன்னொரு கோடு போட்டு வையுங்கள். முள் மேல் கோட்டைத் தொட்டால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, கீழ் கோட்டுக்குக் கீழே போனால் கூடை அடைத்திருக்கிறது அல்லது மட்டம் இறங்கியிருக்கிறது.

திரும்பி வந்ததும் பச்சையாக இருந்தால், பிஎச்சை 7.2-க்கு இறக்கி, சுவர் முழுக்கத் தேய்த்து, ஸ்டெபிலைசர் அளவில் 40 சதவீதத்துக்குக் குளோரினை ஏற்றுங்கள். ஸ்டெபிலைசர் 40 என்றால் 16 பிபிஎம். 10 சதவீதத் திரவம் 6 லிட்டர், மாலையில். அந்த அளவுக்குக் கீழே இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே, பம்பை இரவும் பகலும் ஓட்டி, முள் மேல் கோட்டைத் தொடும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள். செத்த பாசி சாம்பல் நிறமாக அடியில் படியும். அதை வேக்குவம் போடும்போது வால்வை வேஸ்ட் நிலையில் (ஃபில்டருக்குள் போகாமல் தண்ணீர் வெளியேறும்) வையுங்கள். ஃபில்டர் நிலையில் இழுத்தால் மணலைத் தாண்டித் திரும்பக் குளத்துக்கே வரும். அவசரத்தில் மாத்திரைத் தூளையும் கால்சியம் ஹைப்போவையும் ஒரே கரண்டியில் அள்ளாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இரவுச் சோதனையில் இழப்பு 1 பிபிஎம்முக்குள் வந்து, ஆழத்துச் சல்லடையின் துளைகள் மேலிருந்து எண்ணும் அளவுக்குத் தெரிந்து, குளோரின் 4-க்கு இறங்கிய பிறகே பிள்ளைகளை இறக்குங்கள்.