முதலில் புகைபோக்கி, அப்புறம்தான் அடுப்பு

2022 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் கேஸ் நின்றது. இங்கிலாந்தில், ஷெஃபீல்ட் நகரத்தின் மேற்குப் பக்கம், ஸ்டானிங்டன் மலைச்சரிவில் இருக்கிறோம். பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்து, கேஸ் குழாய்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் வீடுகளுக்கு கேஸ் இல்லை. பாய்லர் ஓடாது, வெந்நீர் வராது. வெளியே உறைபனி. எங்கள் வீட்டுக்கு மறுபடி கேஸ் வர எட்டு நாள் ஆனது.

அம்மா அப்போது விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தவர், சுவரில் பலகை அடித்து மூடியிருந்த இடத்தைக் காட்டி, "அது அடுப்புதானே தாயி? அதை எதுக்கு அடைச்சு வச்சிருக்கு?" என்று கேட்டார்.

எங்களுடையது நூறு வயதைத் தாண்டிய கல் வீடு. அந்தக் காலத்தில் அறைக்கு ஒரு கணப்பு வைத்து நிலக்கரி எரித்திருக்கிறார்கள். பிற்பாடு யாரோ அதில் கேஸ் ஹீட்டர் வைத்து, அதையும் எடுத்துவிட்டு, பலகை அடித்து வெள்ளையடித்துவிட்டார்கள். அம்மா கேட்ட அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் எல்லாம். ஜனவரியில் விறகு அடுப்பு வைப்பது என்று முடிவு செய்தோம். அது எரிந்தது அக்டோபரில்.

இத்தனை மாதம் ஆனதற்குக் காரணம், நாங்கள் முதலில் அடுப்பைத் தேடிப் போனது. பார்த்திருக்க வேண்டியது புகைபோக்கியை. இதே யோசனையில் இருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஜனவரி முழுக்க கடை கடையாகப் போனோம். ஒரு கடையில், அறையின் அளவைக்கூடக் கேட்காமல் 8 கிலோவாட் அடுப்பைக் காட்டி, "பெரியதாக வாங்கிக்கொள்ளுங்கள், குளிர் அதிகமானால் உதவும்" என்றார்கள். அழகான அடுப்பு. முன்பணம் கட்டப் போன என் கணவரை அன்றைக்கு நான்தான் தடுத்தேன். வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தோம். 4.2 மீட்டர் நீளம், 3.9 அகலம், 2.6 உயரம். பெருக்கினால் 43 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஓரளவு குளிர் தாங்கும் வீடு என்றால், அதை 14-ஆல் வகுப்பது இங்கே வழக்கமான கணக்கு. கிட்டத்தட்ட 3 கிலோவாட் போதும் என்று வந்தது.

அடுப்பு பெரியதாக இருந்தால் என்ன நஷ்டம் என்று தோன்றும். அறை சீக்கிரமே கொதித்துவிடும். உடனே அடுப்பில் காற்று நுழையும் கதவை மூடுவோம். காற்றில்லாத நெருப்பு எரியாமல் புகையும். அந்தப் புகை கண்ணாடியில் கறுப்பாகப் படியும், புகைபோக்கியின் உட்சுவரில் தாராகக் கெட்டிப்படும். சிம்னிக்குள் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்தத் தாரினால்தான். சின்ன அடுப்பை நன்றாகக் காற்றுவிட்டு எரிப்பதுதான் சரியான முறை. இன்னொன்றும் உண்டு: 5 கிலோவாட்டைத் தாண்டினால், வெளிக்காற்று வர அறைச் சுவரில் நிரந்தரமாக ஒரு துளை விட வேண்டும் என்கிறது இங்குள்ள கட்டட விதி. குளிருக்காக அடுப்பு வைத்துவிட்டு, சுவரில் ஓட்டை போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் 4.5 கிலோவாட்டில் ஒன்றை முடிவு செய்தோம்.

அப்புறம்தான் சிம்னி சுத்தம் செய்பவரைக் கூப்பிட்டோம். அது ஏப்ரல். பலகையைக் கழற்றியதும் பொலபொலவென்று சுள்ளிகள் கொட்டின. விரல் தடிமனில், முழ நீளத்தில், உலர்ந்த சுள்ளிகள். நடுநடுவே ஆட்டு ரோமம். அவர் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மேலேயிருந்து, எங்கோ ஆழத்தில் கேட்பதுபோல, ஒரு பறவையின் சத்தம். ஜாக்டா என்று ஒரு பறவை, காக்கை இனத்தில் சின்னது, கண் வெளிறியிருக்கும். புகைபோக்கிக்குள் சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருக்குமாம். ஏதோ ஒன்று குறுக்கே சிக்கி நின்றதும், அதன்மேல் அடுக்கிக் கூடு கட்டிவிடும்.

குஞ்சோ முட்டையோ இருக்கும் கூட்டைக் கலைப்பது இங்கே குற்றம். 1981-இல் வந்த வனவுயிர்ச் சட்டம் அது. "ஆகஸ்டில் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, பலகையைத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதம். ஜனவரியிலேயே அவரைக் கூப்பிட்டிருந்தால் அப்போது அது வெறும் பழைய கூடு, ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கும். ஆனாலும் மே மாதம் முதல் காலையில் காப்பியோடு கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால் குஞ்சுகளின் சத்தம் கேட்கும். ஜூன் கடைசியில் ஒருநாள் சத்தம் நின்றுபோனது.

ஆகஸ்டில் வந்தவர் மூன்று சாக்கு நிறையச் சுள்ளி எடுத்தார். அதன்பிறகு கணப்புக்குள் ஒரு புகை மாத்திரையைப் பற்றவைத்தார். வெள்ளைப் புகை மேலே ஏறியது. வெளியே போய்ப் பார்த்தால் சிம்னி வழியாக வருகிறது. நன்றாக இருக்கிறது என்று நான் நினைக்க, அவர் மாடிக்குப் போகச் சொன்னார். எங்கள் படுக்கையறையில், கட்டில் தலைமாட்டுச் சுவர் ஓரமாக, மெல்லிசாகப் புகை நின்றது. கற்களுக்கு நடுவே இருந்த பழைய சாந்து உதிர்ந்துபோய், சிம்னி உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது புகை. அடுப்பு எரியும்போது அதே வழியில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நாங்கள் தூங்கும் அறை அது. அந்தச் சுவரோரப் புகையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அதனால் லைனர் போடுவது கட்டாயமானது. எஃகில் செய்த வளையும் குழாய் அது. கூரையிலிருந்து கணப்பு வரை சிம்னிக்குள் இறக்குவார்கள். அதில் 316, 904 என்று இரண்டு தரம் உண்டு. வெறும் விறகு எரிப்பவர்களுக்கு 316 போதும் என்பார்கள். நாங்கள் 904 எடுத்தோம். எங்கள் அடுப்பு விறகோடு புகையில்லாக் கரிக்கட்டியும் எரிக்கும் வகை. கரியில் இருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிக் குழாயை அரிக்கும். விறகையும் கரியையும் ஒரே நேரத்தில் கலந்து எரிக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்: விறகு ஈரத்தைக் கொடுக்கும், கரி கந்தகத்தைக் கொடுக்கும்.

இரண்டும் எரிக்கும் அடுப்பை ஏன் எடுத்தோம் என்றால், எங்கள் கொல்லை சின்னது, ஒரு குளிர்காலத்து விறகை அடுக்க இடமில்லை. இரண்டும் எரியும் விதமே வேறு. கரிக்குக் கீழேயிருந்து காற்று வேண்டும். அதனால் அடியில் இரும்புச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் தட்டு. விறகுக்கு மேலிருந்து வரும் காற்றே பிடிக்கும், சாம்பல் மெத்தைமேல் கிடந்து எரியும். விறகு எரிக்கும் நாள்களில் சாம்பலை வழித்து எடுக்காமல் ஓர் அங்குலம் விட்டுவைக்கிறேன்.

இடையில் எனக்கே ஒரு தயக்கம் வந்தது. அம்மாவுக்கு இன்றும் விடாத இருமல் உண்டு. முப்பது வருஷம் சீமைக்கருவேல விறகில், சன்னல் இல்லாத அடுக்களையில் சமைத்தவர். இங்கே எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆஸ்துமா. எவ்வளவு நல்ல விறகு அடுப்பாக இருந்தாலும், கேஸ் பாய்லரைவிட அதிக நுண்துகள் வெளியே போகத்தான் செய்யும். 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன் வழியாக வந்தவைதான் இன்றைய புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள். எங்கள் தெருவும் அதற்குள் வருகிறது. இந்தப் பகுதிகளில் விறகு எரிக்க வேண்டுமானால் அதற்கென்று அனுமதி பெற்ற வகை அடுப்பாக இருக்க வேண்டும். சிம்னியில் புகை வந்தால் 300 பவுண்டு வரை அபராதம். அனுமதி பெற்ற எங்கள் அடுப்பில் காற்றுக் கதவை முழுக்க மூடவே முடியாது, கொஞ்சம் திறந்தே இருக்கும்படி உள்ளே ஒரு தடை வைத்திருக்கிறார்கள். புகைய விடாமல் எரியவைக்க அது ஒரு வழி.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னோம். "பையனுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் உடனே சொல்லுங்கள், அன்றைக்கு எரிக்க மாட்டோம்" என்றோம். இன்றுவரை அந்தப் பேச்சை மாற்றவில்லை. தினமும் எரிப்பதில்லை, கடுங்குளிர் நாள்களில் சாயங்காலம் மட்டும்.

பொருத்துவதற்கு இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 700 பவுண்டு குறைவாகச் சொன்னார். சான்றிதழ் தருவீர்களா என்றதும், "அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் இருப்பவர் என்றால் வேலையை அவரே சான்றளிப்பார். இல்லாவிட்டால் வேலைக்கு முன்பே நகராட்சிக் கட்டடப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, அவர்கள் வந்து பார்க்க வேண்டும். வீட்டை விற்கும்போதும் வக்கீல் இந்தக் காகிதத்தைக் கேட்பார். மாடியில் நின்ற புகையைக் கண்ணால் பார்த்த பிறகு, 700 பவுண்டுக்காக யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பதிவு பெற்றவரையே வைத்தோம். அடுப்பு, லைனர், கல், கூலி எல்லாம் சேர்த்து 3,600 பவுண்டு ஆனது.

வேலை இரண்டு நாள். முதல் நாள் முழுக்க உடைப்பதும் தூசியும்தான். கணப்பின் தரையில் கறுப்பு ஸ்லேட் பலகை பதித்தார்கள்: அடுப்புக்கு முன்னால் குறைந்தது 225 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் 150. கங்கு தெறித்தால் மரத்தரையில் விழாமல் இருக்க.

இரண்டாம் நாள் லைனர். ஒருவர் கூரையில், ஒருவர் கீழே. முதலில் கயிறு வந்தது, பின்னால் குழாயின் முனையில் மாட்டிய கூம்பு. பாதியில், சிம்னி வளையும் இடத்தில் சிக்கிக்கொண்டது. கீழே இருந்தவர் கயிற்றைச் சுண்டி இழுக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மேலே இருந்தவர் குழாயை மெல்லத் திருகினார். அரைமணி நேரம் போராடிய பிறகு சர்ரென்று இறங்கியது. குழாயின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு, அதைப் பார்த்து இறக்க வேண்டும். தலைகீழாகப் போனால் உள்ளே வழியும் தார் மடிப்புகளில் தங்கிவிடும். சிம்னி உச்சியில், பறவை நுழையாதபடி கம்பிவலை போட்ட மூடியை வைத்தார்கள். கணப்புக்கு மேலே குழாயைச் சுற்றி எஃகுத் தகடு அடித்து மூடினார்கள். மறுபடியும் புகைச் சோதனை. இந்தத் தடவை நானே மாடிக்கு ஓடி, சுவரோரம் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே அறையில் இருந்தாக வேண்டும், அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள். விதிப்படி ஒன்று போதும். நாங்கள் படுக்கையறையிலும் ஒன்று வைத்தோம்.

விறகு விஷயம் தனிக்கதை. 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பையில் "ரெடி டு பர்ன்" முத்திரை இருக்கும். நாங்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவரிடம் ஒரு வண்டி மொத்தமாக வாங்கினோம். நன்றாகக் காய்ந்தது என்றார். ஈரம் பார்க்கும் மீட்டரை மேற்புறத்தில் குத்தினால் 15 காட்டியது. நவம்பரில் மறுபடி வந்திருந்த அம்மா, இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். மத்து மத்தென்று சத்தம். "பச்சையா இருக்கு தாயி. காஞ்ச விறகு கணீர்னு கேக்கணும்" என்றார். ஒன்றைப் பிளந்து உள்முகத்தில் மீட்டரைக் குத்தினோம். 28. அந்த வண்டி விறகு முழுவதையும் தகரக் கூரையடியில், காற்றுப் போக இடம்விட்டு, அடுத்த வருஷத்துக்கென்று அடுக்கிவிட்டு, முத்திரை போட்ட விறகு வாங்கினோம். இப்போது மீட்டரைவிடச் சத்தத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

புதிய அடுப்பில் முதல் மூன்று தடவை சின்ன நெருப்புதான் போட வேண்டும். பெயின்ட் இறுகும்போது நாற்றம் வரும், சன்னலைத் திறந்துவைக்கணும். அக்டோபரிலேயே அதை முடித்திருந்தோம். அம்மா வந்த வாரம் ஒழுங்காக அடுக்கிப் பற்றவைத்தேன்: அடியில் பெரிய கட்டைகள், அதன்மேல் சிராய்கள், உச்சியில் தீமூட்டி.

"என்ன தாயி, தலைகீழா அடுக்குற? சுள்ளி கீழதானே இருக்கணும்?"

நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும்போது, கட்டையிலிருந்து கிளம்பும் புகை அந்தச் சுடர் வழியாகவே போக வேண்டியிருக்கிறது, போகும்போதே எரிந்துவிடுகிறது என்று சொன்னேன். நம்பவில்லை. கதவை மூடி, கண்ணாடிக்குப் பின்னால் தீ மெதுவாகக் கீழே இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊதாங்குழல் வைத்து ஊதிப் பழகிய கை. மடியில் சும்மா இருந்தது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். சிம்னியைப் பார்த்து நின்றவர், திரும்பி வந்து சொன்னார்: "புகையே காணோம். சூடு மட்டும் அலையாடுது."

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவர்தான் சிராய் பிளந்து கொடுத்தார். எரிக்காத நாளிலும் பிளந்து வைத்தார்.

அடுத்த ஆகஸ்டில் சிம்னி சுத்தம் செய்பவர் வந்தார். தூரிகையை இறக்கி ஏற்றி, கீழே விழுந்ததை ஒரு தட்டில் அள்ளிக் காட்டினார். ஒரு பெரிய கிண்ணம் அளவு, காப்பித்தூள் நிறத்தில் உலர்ந்த தூள். விரலில் தேய்த்தால் ஒட்டவில்லை. பளபளவென்று கறுப்பாக, ஒட்டும்படி இருந்தால்தான் தப்பு என்றார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷத்துக்கும் இதே வாரத்தில் தேதி குறித்துக்கொண்டு போனார்.